தெரிந்த சொல்லைக் கேட்டுப் பெறுவது ஏன்?

நமசிவாய என்ற ஐந்தெழுத்து காரைதீவில் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளைக்கும் தெரியும். லா இலாஹ இல்லல்லாஹ் என்ற கலிமா, பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் பிறக்கும் குழந்தையின் காதில் பாங்கோடு சேர்ந்தே விழுந்துவிடுகிறது. இரண்டும் ஒளித்துவைத்த சொற்கள் அல்ல. நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கும் சொற்கள். இருந்தும், சைவ தீட்சை பெறுபவர் அந்த ஐந்தெழுத்தைக் குருவின் வாயிலிருந்து கேட்டுத்தான் பெறுகிறார். காதிரிய்யா என்ற ஸூஃபி தரீக்காவில் பைஅத்து என்னும் உறுதிமொழி கொடுப்பவர் குருவான ஷெய்கின் கையைப் பற்றிக்கொண்டு, நினைவு தெரிந்த நாள்முதல் தன் நாவில் இருக்கும் அதே கலிமாவை அவர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்கிறார். தன்னிடம் இருப்பதை இன்னொருவரிடம் போய் ஏன் கேட்டுப் பெற வேண்டும்? இதற்கு விடை தேடாமலே, யோகாசனத்தோடு வரும் மந்திரத்தைப் பற்றியும் நம் பள்ளிவாசல்களில் கூடி ஓதும் ராத்திபு என்ற ஓதல் தொகுப்பைப் பற்றியும் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த வாதங்கள் தடம் மாறிப் போவதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். குரு புதிதாக ஒரு சொல்லைத் தருவதில்லை. அதை எவ்வளவு, எப்போது, எந்தப் பொருளை நெஞ்சில் வைத்துச் சொல்வது என்ற அளவைத் தருகிறார். சொல்லச் சொல்ல அந்த மனிதர் என்ன ஆகிறார் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அளவும் பொறுப்பும் போய்விட்டால், எஞ்சி நிற்பது ஓசை மட்டுமே.

2014 டிசம்பர் 11ஆம் தேதி, 177 நாடுகளின் இணை ஆதரவோடு ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. அதற்கு முன்பே முஸ்லிம் நாடுகளில் இந்த விவாதம் சூடுபிடித்திருந்தது. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை, மந்திர உச்சாடனமும் வழிபாட்டுக் கூறுகளும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. சில நாட்களிலேயே அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லா அஹ்மத் பதாவி, மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்வதில் தடையில்லை என்று விளக்கம் கொடுத்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா சபையும் ஏறக்குறைய அதே கோட்டைத்தான் கிழித்தது. ஆசனம் செய்யலாம், மூச்சுப்பயிற்சி செய்யலாம், மந்திரம் மட்டும் வேண்டாம் என்ற பேச்சு நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கேட்கக்கூடியதுதான். அந்த முடிவோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் போதாது. மந்திரத்தைப் பாத்திரத்தில் ஒட்டிய கறைபோல் துடைத்துவிட்டால் போதும் என்பவர்களும், அது வெறும் ஒலியதிர்வு, எவரும் எப்படியும் சொல்லலாம் என்று விளம்பரம் செய்யும் யோகா நிலையங்களும் உண்மையில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். தந்தவர் யார், பெற்றவர் யார் என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

சொல் பொதுவாக இருப்பதால் ஆசான் தேவையற்றுப் போவதில்லை என்பதற்குத் தமிழ் வைணவ மரபு வைத்திருக்கும் சான்று வலுவானது. திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்க இராமானுசர் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. பெற்றதும் கோவிலில் உயர ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்பதும் அதே வரலாறு. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரகசியத்தை உடைத்த புரட்சியாளர் என்று பாராட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் என்ன செய்தார்? 74 சிம்மாசனாதிபதிகளை, அதாவது உபதேசம் செய்யும் பொறுப்புள்ள ஆசாரியர்களை ஏற்படுத்தினார். சொல்லை ஊருக்கே கொடுத்த பிறகும் அதைச் சொல்லிக்கொடுக்க 74 பேர் வேண்டியிருந்தது. சொல்லைக் கேட்பதும் சொல்லில் நிற்பதும் வெவ்வேறு காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யோக நூல்களும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் பிரணவத்தைச் சொல்லிவிட்டு, அதை உருப்போடுவதையும் அதன் பொருளை உள்ளத்தில் ஊன்றுவதையும் ஒரே மூச்சில் சேர்க்கிறார். உரு மட்டும் போதும் என்று அவர் விடவில்லை. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் அசபையில் தொடங்குகிறது. நாக்கு அசையாமல், உள்ளே போய் வெளியே வரும் மூச்சே மந்திரமாகும் நிலை அது. அந்த நிலைக்கு எண்ணிக்கை காட்டும் கருவி எதுவும் உதவாது; வந்துவிட்டதா, வந்ததாக மயங்குகிறோமா என்று பிரித்துச் சொல்ல அந்த வழியில் நடந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். இமாம் கஸ்ஸாலி (1058–1111) இஹ்யா என்ற தம் நூலில் திக்ரைப் பற்றி, அதாவது இறைவனை நினைந்து ஓதுவதைப் பற்றி, சொல்வது இதற்கு மிக அருகில் வருகிறது. ஷெய்கு தன் சீடனான முரீதைத் தனிமையில் அமர்த்தி, ஒரே திக்ரைச் சொல்லச் செய்கிறார். நாவின் அசைவு ஓய்ந்து, கடைசியில் எழுத்தும் ஓசையும் மறைந்து, பொருள் மட்டும் கல்பில், அதாவது உள்ளத்தில், தங்கும் வரை அது தொடர்கிறது. இந்தப் பகுதியை எடுத்துக்காட்டுவோர் பலர். அதை அடுத்து அவர் விடுக்கும் எச்சரிக்கையை எடுத்துக்காட்டுவோர் குறைவு. எல்லோராலும் இதைத் தாங்க முடியாது. தாங்க மாட்டாதவரை ஷெய்கு அடையாளம் கண்டு, வழக்கமான வணக்கங்களுக்கோ பிறருக்குச் செய்யும் ஊழியத்துக்கோ திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்கிறார் கஸ்ஸாலி. திக்ரைக் கொடுப்பது ஷெய்கின் வேலை என்றால், கொடுக்காமல் விடுவதும் அவருடைய வேலைதான்.

இதற்கும் முந்திய முன்மாதிரி நபிவழியிலேயே இருக்கிறது. திருகைக் கல் சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா நாயகி ஒரு பணியாள் கேட்டுத் தந்தையிடம் போனார். நபிகள் (ஸல்) அவர்களோ படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று ஓதச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. மூன்று சொற்களும் ஃபாத்திமாவுக்கு முன்பே தெரிந்தவை. புதிதாகக் கிடைத்தது எண்ணிக்கை, வேளை, அந்தக் களைப்புக்கு இது என்ற தெரிவு. ஒருவரின் நிலையை அறிந்து, அவருக்கென்று அளந்து கொடுத்த திக்ர் அது. பின்னால் வந்த தரீக்காக்களின் தல்கீனுக்கு, அதாவது ஷெய்கு திக்ரைச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு, வேர் எங்கே என்று கேட்பவர்கள் இந்த ஹதீஸை இன்னொரு முறை நின்று பார்க்கலாம்.

விஞ்ஞானம் பேசுபவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில், மனம் தளர்ந்து ஓய்வதற்குப் புனிதச் சொல் எதுவும் வேண்டாம், ‘ஒன்று’ என்ற சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும் என்றார். இத்தாலியின் லுச்சியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 23 பேரைக் கத்தோலிக்கச் செபமாலையையும் ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் மந்திரத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு நிதானமானது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் தன்மை கூடியது. எந்த மதத்துச் சொல் என்பது இதயத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இந்த முடிவுகளை நான் மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். இரத்த அழுத்தம் தணிய ஷெய்கும் வேண்டாம், குருவும் வேண்டாம். ஆறு மூச்சு போதும். ஆனால் இரத்த அழுத்தத்தைத் தணிக்கவா கஸ்ஸாலி எழுதினார்? பதஞ்சலி அந்தச் சூத்திரங்களை இறைவனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வைத்தார். ஆணவம் கரைய வேண்டும், நாவு சொல்வதை நெஞ்சும் சொல்ல வேண்டும் என்பதே இவர்கள் தேடியது. அதை அளக்கும் கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. உடம்புக்குக் கிடைக்கும் நன்மையைக் காட்டி இதுதான் மந்திரத்தின் முழுப் பயன் என்பது தவறு. அந்த நன்மையை மறுத்து மரபின் பெருமையைக் காக்க நினைப்பதும் தவறு.

மந்திரத்தை மரபிலிருந்து பிரித்தெடுக்க மிகப் பெரிய அளவில் முயன்றவர் மகரிஷி மகேஷ் யோகி. அவருடைய ஆழ்நிலைத் தியானம் மதம் சாராத விஞ்ஞானம் என்று சொல்லப்பட்டு, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஐந்து உயர்நிலைப் பாடசாலைகளில் கற்பிக்கப்பட்டது. பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 1977இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது மதக் கற்பித்தலே என்று தீர்த்தது. 1979இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கில் முக்கியச் சான்றாக நின்றது மந்திரம் தரும் சடங்கு. மாணவர் பழமும் பூவும் வெள்ளைக் கைக்குட்டையும் கொண்டுவர வேண்டும்; ஆசிரியர் குருபரம்பரையைப் போற்றிச் சமஸ்கிருதத்தில் ஓதுவார்; அதன் பிறகுதான் மாணவருக்கு உரிய மந்திரம் கிடைக்கும். மதச்சார்பற்றது என்று இவ்வளவு பாடுபட்டுச் சொன்னவர்களாலேயே குருவுக்குச் செய்யும் வணக்கத்தை மட்டும் விட முடியவில்லை. அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வணக்கத்தை எடுத்துவிட்டால் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்கிறேன். ஆகவே, யோகா வகுப்பில் ஓம் சொல்ல மாட்டேன் என்னும் முஸ்லிம் பிள்ளையைக் குறுகிய மனத்தவன் என்று எவரும் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஒரு வீடு உண்டு, அதற்குள் நுழைய ஒரு முறை உண்டு என்று அவன் மதிக்கிறான். நம்மவர்களும் அதே மதிப்போடு, அந்தச் சொல்லை இழித்துப் பேசாமல் இருக்கக் கற்க வேண்டும்.

இந்த மதிப்பு நம் கரைக்குப் புதிதல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக ஆண்டுதோறும் கொடியேறுவது நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால். அந்த ஆண்டகைக்குக் குரு யார் என்று நாகூர் மரபைக் கேட்டால், குவாலியரில் அடங்கியிருக்கும் ஷத்தாரிய்யா ஷெய்கு முஹம்மது கௌத் என்று சொல்லும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த முஹம்மது கௌத்தான் ‘அமிர்த குண்டம்’ என்ற யோக நூலைப் பாரசீகத்தில் ‘பஹ்ருல் ஹயாத்’ என்று விரித்து எழுதியவர். இளவரசர் சலீமுக்காக, அதாவது பின்னாளில் ஜஹாங்கீர் ஆனவருக்காக, 1600ஐ அடுத்த ஆண்டுகளில் அலகாபாத்தில் தீட்டப்பட்ட அதன் பிரதி ஒன்று டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. யோகியர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் 21 ஓவியங்கள் அதில் உண்டு; ஆசனங்களைத் தொகுத்து ஓவியமாகக் காட்டும் மிகப் பழைய ஏடுகளில் அதுவும் ஒன்று. நம் கடற்கரையில் ஏறும் கொடியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், ஆசனமும் மூச்சும் கற்ற ஒரு முஸ்லிம் குருவிடம் போய்ச் சேர்கிறோம். அவர் யோகியரிடம் உட்காரும் முறையைக் கற்றார், மூச்சை ஆளும் முறையைக் கற்றார். மந்திரம் என்று வந்தபோது அந்த நூல் மரபு அதற்கு ஈடாக அல்லாஹ்வின் திருநாமங்களை வைத்தது. பிறர் வீட்டுச் சொல்லை எடுத்துக்கொள்ளவும் இல்லை, அதைப் பழிக்கவும் இல்லை. மலேசிய, இந்தோனேசிய உலமாக்கள் கிழித்த கோட்டை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, அச்சத்தால் அல்லாமல் அறிவால் கிழித்தவர் அவர்.

தமிழில் அந்த வழியைத் தொடர்ந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). மூலாதாரம், வாசி, பராபரம் என்று சித்தர் சொற்களை அள்ளிப் பாடியவர்; குருவாகப் போற்றியதோ முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை. சைவப் புலவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். இலங்கையின் பாவா முஹையத்தீன் வாழ்நாள் முழுவதும் தமிழில் உபதேசித்தார். யாழ்ப்பாணத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். 1971இல் பிலடெல்பியா போனபோது அங்குள்ளவர்கள் முதலில் அவரைக் குரு பாவா என்றே அழைத்தார்கள். வெளிவிடும் மூச்சில் லா இலாஹ, உள்ளிழுக்கும் மூச்சில் இல்லல்லாஹு என்று அவர் கற்பித்த திக்ரைத் திருமூலரைப் படித்தவர் அந்நியமாகக் காண மாட்டார். இந்தக் கரையின் மறுபக்கத்தைப் பார்த்தால், காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், 1924இல் இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். பிறகு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுப்பிய பாடசாலைக்கு அவர் இட்ட பெயர் சிவானந்த வித்தியாலயம். தன் பெயரை விட்டு, தனக்கு உபதேசித்தவரின் பெயரை வைத்தார். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் பாடசாலை அதிபராகவும் இருந்த ஒருவர் குருவின் முன் தன் பெயரையே மாற்றிக்கொண்டது அறியாமையால் என்று எவரும் சொல்ல முடியாது.

மிகக் கடுமையான மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கூடியிருந்து எண்ணி ஓதுவது பித்அத்து (மார்க்கத்தில் புகுத்திய புதுமை), அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே ஷெய்கு எதற்கு என்று கேட்கிறார்கள். கூஃபாவின் பள்ளிவாசலில் கூழாங்கல்லை வைத்து எண்ணிக்கொண்டிருந்தவர்களை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) கண்டித்த செய்தியைத் தாரிமியின் ஹதீஸ் தொகுப்பிலிருந்து காட்டுகிறார்கள். அல்லாஹ் என்ற ஒற்றைப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஆதாரமில்லை என்ற இப்னு தைமிய்யாவின் கருத்தையும் காட்டுகிறார்கள். இவை அறிஞர்களின் நேர்மையான ஐயங்கள். சத்தம் போட்டு அடக்கக் கூடாதவை. ஆனால் கூஃபாச் செய்தியை நான் வாசிக்கும் விதம் வேறு. அங்கே வட்டமாக அமர்ந்தவர்களுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தவர் நபித்தோழர் எவரும் அல்லர். நபியிடம் நேரே கற்ற ஒருவர் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போது, அவரைக் கேட்காமல் தாங்களே ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். இப்னு மஸ்ஊதின் கோபம் ஆசான் இல்லாத ஓதலின் மேல் விழுந்த கோபமாகவே எனக்குப் படுகிறது. இந்த வாசிப்பை ஏற்காதவர்களோடு வாதாடலாம். வாதத்தோடு நிற்க வேண்டும். காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் ஒரு ஷெய்கின் போதனையை எதிர்த்து எழுந்த பகை வன்முறையில் முடிந்தது. அடக்கம் செய்யப்பட்ட அந்த ஷெய்கின் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. எந்த இமாமின் எந்தக் கருத்தையும் இதற்குத் துணைக்கு அழைக்க முடியாது.

இன்னொரு மறுப்பு குருமார் செய்யும் கொடுமைகளைப் பற்றியது. காசு பறித்தவர்கள், பெண்களிடம் தவறாக நடந்தவர்கள், கண்மூடிய கீழ்ப்படிதலைக் கேட்டவர்கள் எல்லா மதத்திலும் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். இதற்கு மரபுகளே பதில் வைத்திருக்கின்றன. தகுதியில்லாத குருவைத் திருமூலர் கடுமையாகச் சாடினார். சீடனின் பொருளைக் கவரும் குருமார் பலர், துயரைக் கவர்பவர் அரியர் என்ற கருத்து வடமொழித் தந்திர மரபில் பழையது. தரீக்காவில் ஷெய்குக்கும் மேலே ஒரு ஷெய்கு உண்டு. யாரிடம் இஜாஸா (அனுமதி) பெற்றார் என்று தன் குரு வரிசையான ஸில்ஸிலாவைக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு உண்டு. ஷரீஅத்தை மீறச் சொன்னால் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற விதி உண்டு. இலட்சத்தீவின் அந்துரோத்திலிருந்து இங்கு வந்துபோகும் தங்கள்மாரிடமானாலும் சரி, உள்ளூர் மௌலானாமாரிடமானாலும் சரி, கை கொடுப்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேள்விக்குச் சினப்படுபவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். பொறுப்பை ஏற்பவர்தான் குரு என்று கொண்டால், பொறுப்புச் சொல்ல மறுப்பவர் அந்த நிமிடமே குருவாக இல்லாமல் போகிறார்.

நம் ஸூஃபி கூடங்களான தக்கியாக்களிலும் ஸாவியாக்களிலும் நடப்பதை இந்த அளவுகோலால் பார்க்கும்போது எனக்குக் கவலை உண்டாகிறது. ஹழ்ரமௌத்தின் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் தொகுத்த ராத்திபுல் ஹத்தாதும், கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தந்த ராத்திபுல் ஜலாலிய்யாவும் இலங்கையில் இன்றும் ஓதப்படுகின்றன. ஓதுபவர்களுக்கு ராகம் தெரியும், எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று தெரியும். ஓதுவதன் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்? இமாமுல் அரூஸ் அரபுத் தமிழில் இத்தனை எழுதியது மக்கள் தங்கள் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். இளைஞர்கள் கைத்தொலைபேசியில் தஸ்பீஹ் எண்ணும் செயலியைப் பதிவிறக்கி ஆயிரம், பத்தாயிரம் என்று கணக்கு ஏற்றுகிறார்கள். அவர்களிடம் குறை காண்பது எளிது. திக்ர் செய்ய வேண்டும் என்ற அவர்களின் ஆசை உண்மையானது. அளந்து கொடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் செயலி வந்து அமர்ந்திருக்கிறது. ராத்திபு மஜ்லிஸ் நடக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும், ஓதி முடித்துச் சீரணி பகிர்வதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, அன்று ஓதியதில் ஒரு வரியின் பொருளை மௌலவி தமிழில் விளக்கலாம். அதற்கு யாருடைய ஃபத்வாவும் தேவையில்லை. தனியாக வந்து, எனக்கு எந்த திக்ர் பொருந்தும் என்று கேட்கும் பிள்ளையிடம், அவன் எப்படித் தூங்குகிறான், என்ன வேலை பார்க்கிறான், வீட்டில் உம்மாவோடும் வாப்பாவோடும் எப்படிப் பேசுகிறான் என்று விசாரித்த பிறகு, பத்தாயிரத்தைக் குறைத்து முப்பத்துமூன்று ஆக்கிக் கொடுக்கலாம்.